சிவப்புக் காரும் துண்டு விரித்த சீட்டும்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில், "நீலத்தையே எடுத்துக்கறேம்மா" என்றபோது நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரி சம்மதம் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, உன் அப்பா பக்கத்தில் நின்று "என்னவாம், என்னவாம்" என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார், அந்த அவசரத்தில் வாயில் வந்தது அது. அப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நீ நாலு வரி பதில் போடுவாய், கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுப் பேச்சையே முடித்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா போட்டோ பிடித்து அனுப்புவார். படித்துவிடக்கூடாது என்று அவருடைய கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். வரிகளின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே. வருகிற திங்கட்கிழமை நீ நீலக் காருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இதை முழுசாகப் படித்துவிடு. நடுவில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் போடக்கூடாது.

நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் இதுவரை யாரும் கார் வாங்கியதில்லை. உனக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது, என்றைக்காவது ஒரு கார் வாங்குவாய் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். வெள்ளை நிறத்தில், நாலு கதவோடு, எல்லார் வீட்டிலும் நிற்கிற மாதிரி ஒன்று. நீ என்னடாவென்றால், முதல் காரே ஸ்போர்ட்ஸ் கார்தான், புதுசுக்கு வழியில்லை, அதனால் யாராவது ஓட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று வந்து நின்றாய். உன் சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "பழைய காரு, அதுலயும் ரெண்டு கதவு. மிச்ச ரெண்டு கதவ வித்துட்டாங்களா அண்ணி?" என்று கேட்டார். நான் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. உன் ஆசையை நான் கிண்டல் செய்யலாம், அவர் செய்யக்கூடாது.

சிவப்பைப் பார்க்கப் போன நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரம்பலூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். வெளிநாடு போய்விட்ட டாக்டர் ஒருவருடைய வண்டி. அவருடைய மச்சினர் விற்றுக் கொடுக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தார்ப்பாயை இழுத்ததும் உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, மிச்ச வண்டி எங்கங்க?" என்று கேட்டார். எறையூர் ஆலையில் கரும்பு லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவருக்கு, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒன்றை வண்டி என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. உள்ளே இரண்டே இரண்டு சீட்டு. கூரை வெறும் துணி, பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. பெரம்பலூர் வெயிலில் கூரையை எடுத்துவிட்டுப் போக ஆசைப்பட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய் என்று நான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீ காதிலேயே வாங்கவில்லை. சுடிதாரோடு தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாய். பெயிண்டை விரலால் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாய். கூரையை மூடி, அதன்மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது புது நோயாளியைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கமாட்டேன்.

பிறகு அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிறுவாச்சூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். நான் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பி வந்தபோது தலைமுடி கலைந்து, காற்றில் கண் கலங்கி, மூக்கு நுனியெல்லாம் புழுதி. என்ஜினை அணைத்த பிறகும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரையும் பார்க்காமல் உனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாய். மார்க் வாங்கியபோதும் வேலை கிடைத்தபோதும் நீ சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எங்களிடம் வந்து காட்டுவதற்காகச் சிரித்த சிரிப்பு. இது உன்னுடைய சிரிப்பு. அப்பாவும் இறங்கி வந்து, "சின்னதா இருந்தாலும் எடை இருக்கு, ரோட்ட உட்டு எந்திரிக்கல" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

நீதான், "வாம்மா, நீயும் ஒருவாட்டி உக்காந்து பாரு" என்று கூப்பிட்டாய். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதுதான் சரி. விழுந்ததுகூடச் சுகமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. என் முழங்கால் இரண்டும் ஒரே குரலில் மாட்டேன் என்றன. அந்த மச்சினர் ஒரு கையையும் நீ ஒரு கையையும் பிடித்து இழுத்தீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன், ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் அதிகம் சிரித்தேன். ஆனால் உன் சிரிப்பு பாதியில் நின்றதையும் பார்த்தேன். நீ குனிந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாய், அதற்குப் பிறகு அந்தக் காரை நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அரியலூரில் நீலத்தைப் பார்த்தோம். சிமெண்ட் ஆலையில் இருந்து மாற்றலாகிப் போகிற ஒருவருடைய வண்டி. நல்ல வண்டிதான், குறை சொல்ல எனக்கு வாய் வராது. இடப்பக்கக் கதவின் நிறம் லேசாக மாறியிருக்கிறது என்று நீ கண்டுபிடித்தவுடன், சுண்ணாம்புக்கல் லாரி உரசியதைச் சொல்லி, பட்டறையில் பெயிண்ட் அடித்த கதையையும் அவரே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் வாங்கலாம். ஆனால் அந்தப் பின் சீட்டு இருக்கிறதே, அது பெயருக்குத்தான் சீட்டு. முன் சீட்டை மடக்கிவிட்டு உள்ளே தவழ்ந்து போகவேண்டும். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் முகவாயில் இடித்தது, தலை கூரையில் முட்டியது. நீ முன்னால் என் பக்கத்தில் இருந்து, "வசதியா இருக்காப்பா?" என்று கேட்டாய்.

"சோபா மாரி இருக்கு பாப்பா. இன்னும் ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."

வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம். பின்னால் டொக்கென்று சத்தம். "என்னப்பா அது?" என்றாய். "ஒண்ணுமில்ல, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். வீட்டுக்கு வந்து நான் தைலம் தேய்த்தேன். இன்னும் அவருக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. நீ ஒன்றும் அவரிடம் கேட்டுவிடாதே, கேட்டால் தூக்கத்தில் பிடித்துக்கொண்டது என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் உனக்காகச் சொன்ன பொய், நான் அதைக் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நீலத்தை ஓட்டிவிட்டு இறங்கியதும் நீ உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் என்ன சொன்னாய் தெரியுமா? "டிக்கி பெருசா இருக்கும்மா." எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், ஆசைப்பட்ட காரை ஓட்டிவிட்டு இறங்குகிறவள் டிக்கியைப் பற்றிப் பேசமாட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் காரணத்தையும் நீயே சொன்னாய். "நீயும் அப்பாவும் எப்பப் பாத்தாலும் பஸ்லயே அலையுறீங்க. இதுல நாலு சீட்டும்மா, ஒங்களுக்கும் எடம் இருக்கு" என்றாய். அந்த இடம் என்ற வார்த்தைதான் என்னை இவ்வளவு தூரம் எழுத வைக்கிறது.

உன் தாத்தாவை, என் அப்பாவை, நீ பார்த்ததில்லை. விக்கிரமங்கலத்தில் அடுத்தவர் வயலில் உழைத்தவர். வேலை பார்த்த வீட்டுக்காரரின் வண்டி சந்தைக்குப் போனால் இவரும் கூடப் போவார், வண்டிக்குப் பின்னால் நடந்து. வண்டி காலியாகத் திரும்பி வரும்போதும் நடந்துதான் வருவார். ஏறு என்று யாரும் சொன்னதில்லை, அவரும் ஏறியதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் வந்த பிறகு என்னைப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் விட அரியலூருக்குக் கூட்டிப்போவார். பஸ்ஸில் முன்னாலும் பின்னாலும் சீட்டுகள் காலியாகக் கிடக்கும், என்னை உட்கார வைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டக்டரே, "உக்காருங்க பெரியவரே" என்று சொல்லியிருக்கிறார். "இருக்கட்டுங்க, இதோ எறங்கிருவேன்" என்பார் அப்பா. அரியலூர் வரைக்கும் அந்த 'இதோ' நீளும். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முகமெல்லாம் எரியும். அவர்மேல் கோபமா, சீட்டின்மேல் கோபமா என்று அப்போது தெரியவில்லை. கம்பியைப் பிடித்த அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டே போவேன். பெரியவளாகி என் காலில் நின்றதும் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். என் வீட்டு ஆட்கள் பஸ்ஸில் நிற்கக் கூடாது.

அதனால்தான் நான் அப்படி இடம் பிடிக்கப் பறந்தேன். பெரம்பலூரில் ரயில் கிடையாது. என் பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் அரியலூர் போய் அங்கே மாறவேண்டும். எதுவானாலும் பஸ்தான். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே அதனோடு ஓடி, சன்னல் வழியாகத் துண்டைப் போடவேண்டும். துண்டு போட்டவருக்குத்தான் சீட்டு என்பது எழுதாத சட்டம். துண்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்த ஒருவரோடு நான் அரியலூர் வரை சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அவர் இறங்கும்போது, "ஒரு சீட்டுக்கு இந்தப் பேச்சா?" என்றார். ஒரு சீட்டு இல்லை அது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது வந்த பொங்கலுக்கு என்ன கூட்டம் என்கிறாய்! துண்டின்மேல் துண்டு விழுந்துகொண்டிருந்தது. உன் அப்பாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. உன்னைத் தூக்கிச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, துண்டையும் கையில் கொடுத்து, "ரெண்டு சீட்டு புடிச்சு வையி. யாரு கேட்டாலும் எங்கம்மா வராங்கன்னு சொல்லு" என்றார். நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், நான் பின்படியில் பையோடு மாட்டிக்கொண்டு முண்டிக்கொண்டிருக்கும்போதே, விசில் அடித்துவிட்டார்கள். படியில் தொங்கியவர்களைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தேன், முடியவில்லை. பஸ் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் கீழே நிற்கிறோம், நீ உள்ளே இருக்கிறாய். "எம்புள்ள உள்ள இருக்கு, நிறுத்துங்க" என்று நான் கத்தியது அந்தப் பொங்கல் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்?

எடைமேடையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கரும்பு லாரிக்காரர் காலி லாரியோடு அந்த வழியாக வந்தார். அவர் எங்களை ஏற்றிக்கொண்டு விரட்டினார். நான் என்னென்ன சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. பேரளி கடைத்தெருவில் அந்த பஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கீழே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அந்தப் புள்ளைக்கு அம்மா? போங்க, போயி ஒங்க எடத்துல உக்காருங்க. டிக்கெட் கேட்டா எங்கம்மா எடுப்பாங்கங்குது. எறங்குன்னா மாட்டேங்குது. கைப்புள்ளக்காரி கேட்டதுக்கும் எடம் வுடலம்மா!" என்றார். நான் உள்ளே ஏறினேன். நீ அழவில்லை. "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்று என்னையே அதட்டினாய்.

இந்தக் கதையை அப்பா எந்தக் கல்யாண வீட்டில்தான் சொல்லவில்லை? கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டுவார், உன்னை மாதிரி கையை விரித்துக் காட்டுவார், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். ஆனால் அன்றைக்கு அவர் கீழே நின்று டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே முதலில் வந்தவள் நான். நான் பார்த்ததை அவரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. அது இரண்டு பேர் உட்காரும் சீட்டு. நீ துண்டை அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் சுருக்கம் இல்லாமல் விரித்து வைத்திருந்தாய். அதில் யாரும் உட்காரவில்லை. நீயும் உட்காரவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இடுக்கில் நின்றுகொண்டிருந்தாய். பெரம்பலூரிலிருந்து பேரளி வரை அப்படியே நின்று வந்திருக்கிறாய்.

"நீ ஏன்டி உக்காரல?" என்று கேட்டேன்.

"ரெண்டு சீட்டுதானம்மா இருக்கு. ஒனக்கும் அப்பாவுக்கும்" என்றாய்.

உன்னை மடியில் போட்டுக்கொண்டு அரியலூர் வரை அழுதுகொண்டே போனேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தார். நான் பயத்தில் அழவில்லை பாப்பா. கம்பியைப் பிடித்த உன் கையைப் பார்த்துத்தான் அழுதேன். என் அப்பா நின்றார், அது என்னோடு முடிந்துவிடும் என்று நினைத்து நான் ஓடி ஓடித் துண்டு போட்டேன். நீ தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லை. உனக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தது?

யோசித்துப் பார்த்தால் அப்போதிருந்து நீ எங்களுக்கு இடம் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறாய். காலேஜில் சேரும்போது வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். ஓசூரில் வீடு பார்த்தபோது எங்களுக்காகக் கீழ்த்தளம் கேட்டாய், மாடியில் பால்கனி வைத்த வீடு உனக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் போகட்டும், வீடு என்றால் எல்லாருக்கும் ஆகவேண்டும். இது ஒரு கார். ஆறாம் வகுப்பு நோட்டு அட்டையில் நீ வரைந்து வைத்தது கூரை இல்லாத சிவப்புக் கார்தானே தவிர, பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும் மடங்கி உட்கார்ந்திருக்கிற நீலக் கார் இல்லை.

சிவப்பு தாழ்வான வண்டிதான். விக்கிரமங்கலம் ரோட்டுக்கு அது ஆகாது. அரியலூர்ப் பக்கம் கூரையைத் திறந்துகொண்டு போனால் சிமெண்ட் புழுதியில் நீ பூசிவிட்ட சுவர் மாதிரி திரும்புவாய். சிறுவாச்சூர்க் கோயிலில் பூஜை போட்டால் எலுமிச்சம்பழம் நசுங்குமா பம்பர் நசுங்குமா என்று உன் அப்பா இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோயிலைத் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள், அதைப் பார்த்து லீவு போடு. உன் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டு, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், நானும் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். ஆனால் நீயே பார்த்ததில் இரண்டும் தேறிவிட்டன, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு சிவப்பை வேண்டாம் என்று சொல்ல என் முழங்காலைத் தவிர வேறு காரணம் இல்லை. என் முழங்காலைக் கேட்டு நீ கார் வாங்கக்கூடாது.

நாங்கள் எப்படிப் போவோம் என்று கேட்பாய். எப்போதும் போகிற மாதிரிதான். எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. இந்த வயதிலும் என்னைப் பார்த்ததும் காலேஜ் பசங்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், நானும் ஒருவாட்டிகூட 'இருக்கட்டும்' என்று சொன்னதில்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். நீ ஊருக்கு வரும்போது உன் பக்கத்து சீட்டில் அப்பா ஒரு சுற்று வரட்டும், நான் ஒரு சுற்று வருகிறேன். நான் எழுந்திருப்பதற்கு அடுக்களை முக்காலியை டிக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறார். அந்தக் காரில் முக்காலி நுழைகிற டிக்கிகூட இல்லை என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் அரியலூர்க்காரருக்கு ஃபோன் செய்து மரியாதையாகச் சொல்லிவிடு, நல்ல மனிதர், புரிந்துகொள்வார். அப்புறம் பைபாஸுக்குப் போ. தார்ப்பாயை எடுக்கச் சொல். அந்தக் காரிலும் இரண்டு சீட்டுதான் இருக்கிறது. முதல் சீட்டு உன்னுடையது. எங்களுக்காக எந்த சீட்டிலும் எதையும் விரித்து வைக்காதே.

உக்காரு பாப்பா. நாங்க வந்துக்கறோம்.

உன் அம்மா